ஒன்பதாவது குண்டு

"எந்த மிருகத்துக்கு எந்தத் தோட்டா, தாயி? அதை மட்டும் கத்துக் குடு. போயிடறேன்."

கேட்டவர் தீர்த்தகிரி. வயது ஐம்பத்தாறு. தோளில் இரட்டைக் குழல் துப்பாக்கி, தலையில் துண்டு, முழங்கால் வரைக்கும் செம்மண். கீழூரிலிருந்து ஏழு மைல் மலை ஏறி மேல்காட்டுக்கு வந்திருந்தார்.

அவர் கேட்டது பாவாயியிடம். அவளுக்கு வயது முப்பது. இடுப்பில் எட்டு மாதப் பெண் குழந்தை, கையில் முறம். கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் ஒரு நாளும் துப்பாக்கி பிடித்ததில்லை. ஆனால் மேல்காட்டில் அடிபடுகிற முயல், காட்டுக்கோழி, பன்றி எல்லாம் அவள் அரிவாள்மனைக்குத்தான் வந்து சேரும். கறிக்குள் கிடக்கிற ஈயத்தை விரலால் தடவித் தடவி எடுப்பாள். ஒன்று தப்பினாலும் தின்கிறவர் பல் போய்விடுமே. இப்படியே பத்துப் பதினோரு வருஷம் ஓடிவிட்டது. இப்போது ஒரு குண்டை உருட்டிப் பார்த்தாலே போதும். அது எந்தத் தோட்டா, எவ்வளவு தூரத்திலிருந்து வந்தது, குழலின் வாய் அகலமா ஒடுக்கமா, எல்லாம் சொல்லிவிடுவாள். சுற்று வட்டாரத்தில் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் எல்லோரும் அவளிடம்தான் யோசனை கேட்க வருவார்கள்.

வேட்டைக்குத் தடை வராத காலம் அது.

"மாமா முப்பது வருஷமாத் துப்பாக்கி புடிக்கறவர். எங்கிட்டக் கத்துக்கறதாவது! ஊர்ல சிரிக்க மாட்டாங்களா?"

"சிரிக்கட்டும்."

"அப்படின்னா உக்காருங்க. மொதல்ல துப்பாக்கியை மடக்கிக் காட்டுங்க. வீட்ல கொழந்தை இருக்கு."

மடக்கிக் காட்டினார். இரண்டு குழலும் காலி. இரண்டு வட்டமாக வெளிச்சம் தெரிந்தது.

"கேட்டுக்கங்க. காடைக்கு எட்டாம் நம்பர். காட்டுக்கோழிக்கு ஆறு. முயலுக்கு நாலு. பன்னிக்கு எல்.ஜி., இல்லேன்னா எஸ்.ஜி. எல்.ஜி.யில ஆறு குண்டு. எஸ்.ஜி.யில அதைவிடக் கொஞ்சம் பொடிசா ஒம்பது. முடிஞ்சுது. மோர் குடிக்கறீங்களா?"

"இதெல்லாம் தோட்டாப் பொட்டியிலயே எழுதியிருக்கு. சோக் பத்திச் சொல்லு."

பாவாயி முறத்திலிருந்து ஒரு பிடி கேழ்வரகை அள்ளினாள். விரல்களை அகல விரித்து வாசலில் வீசினாள். தானியம் வாசல் முழுக்கச் சிதறியது. ஏழெட்டுக் கோழிகள் ஓடி வந்து ஆளுக்கொரு பக்கம் கொத்தின.

இன்னொரு பிடி அள்ளினாள். இந்தத் தடவை விரல்களை இறுக்கி வீசினாள். தானியம் கயிறு மாதிரி நீண்டு போய்க் கொட்டகைத் தூணடியில் ஒரே இடத்தில் விழுந்தது. ஒரு சேவல் மட்டும்தான் அதைக் கண்டது.

"மொதப் பிடி, வாய் அகலமான குழல். பக்கத்துல இருக்கறதுக்கு. ரெண்டாவது பிடி, வாய் ஒடுங்கினது. அதான் சோக். தூரத்துல இருக்கறதுக்கு."

"பெரிய குண்டுக்கு?"

அவள் எட்டி ஒரு கை புளியங்கொட்டையை எடுத்தாள். விரல்களை அதே மாதிரி இறுக்கி வீசினாள். கொட்டைகள் நெருக்கியடித்துக்கொண்டு போயின. ஒன்று மட்டும் விரலில் இடறிப் பக்கவாட்டில் தெறித்துத் தீர்த்தகிரியின் மடியில் விழுந்தது.

அவர் தேள் விழுந்த மாதிரித் துள்ளி எழுந்தார்.

பாவாயி சிரித்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"புளியங்கொட்டை மாமா. எதுக்கு இப்படி நடுங்கறீங்க?"

அவர் கொட்டையைத் தட்டிவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

"ஒரு குண்டுகூட வழி தவறாத தோட்டா எது, தாயி?"

"சுடாத தோட்டா."

அவர் சிரிக்கவில்லை.

"உச்சி வேளையில ஒரு சத்தம் கேக்குது. மெல்லிசா. கொசு பறக்கற மாதிரி. பதினோரு வருஷமாக் கேக்குது. மொதல்ல மலைக்கு அந்தப் பக்கம் கேட்டுது. அப்புறம் ஏரிக்கரையில. போன வருஷம் எங்க தெருவுல. இப்போ வீட்டுக்குள்ள."

"டாக்டர்கிட்டக் காட்டினீங்களா?"

"காட்டியாச்சு. காது பச்சப் புள்ள காது மாதிரி இருக்குன்னுட்டார்."

"அப்போ விடுங்க. கேட்டா கேட்டுட்டுப் போகட்டும்."

"போன வெள்ளிக்கிழமை காவேரி எனக்குச் சோறு போட்டுக்கிட்டிருந்தா. கரண்டியை அப்படியே வெச்சுக்கிட்டு மேல பார்த்தா. 'என்னங்க, கொசு கத்துதே'ன்னா."

பாவாயி முறத்தைக் கீழே வைத்தாள்.

காவேரி தீர்த்தகிரியின் மனைவி. சென்னனின் அக்கா. சென்னன் பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஓணான்பாறையில் குண்டடி பட்டுச் செத்தவன்.

அன்றைக்கு நடந்தது ஊருக்கே தெரியும். வளைப்பு வேட்டை. பத்துப் பேர் தகரம் தட்டிக்கொண்டு புதர்களைக் கலைத்து வந்தார்கள். அவர்களில் ஒருவன் சென்னன். துப்பாக்கிக்காரர்கள் இரண்டே பேர். ஓடைப் பக்கம் இருசப்பன் நின்றான். அவன் துப்பாக்கியில் பன்றிக்கான எல்.ஜி. தகரம் தட்டுகிறவர்களுக்குப் பக்கத்தில் தீர்த்தகிரி நின்றார். அந்த இடத்தில் நிற்கிறவர் பொடி ரவை மட்டும்தான் அடைக்க வேண்டும், பறந்து எழும்புகிற கோழிக்கு மட்டும்தான் சுட வேண்டும். மேல்காட்டில் அது கண்டிப்பான கட்டுப்பாடு.

ஒரு பன்றி திரும்பி ஓடி வந்தது. இரண்டு துப்பாக்கியும் ஒரே நேரத்தில் வெடித்தன. பன்றி போய்விட்டது. சென்னன் தகரத்தோடு குப்புற விழுந்தான்.

ஊர் கூடி விசாரித்தது. முதுகில் பாய்ந்தது பெரிய குண்டு. பெரிய குண்டு வைத்திருந்தது இருசப்பன் மட்டும்தான். அவன் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு ஊரை விட்டு அனுப்பினார்கள். பெண்டாட்டி, பிள்ளைகள், இரண்டு ஆடு, ஒரு பானை. போகும்போது அவன் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

"அன்னைக்கு நீங்க அடைச்சது ஆறாம் நம்பர்தானே மாமா?" பாவாயி கேட்டாள்.

"ஆமா."

"ஆறாம் நம்பர்ல இருநூத்தம்பது ரவை இருக்கும். அதெல்லாம் பறந்தா தேன்கூட்டைக் கலைச்ச மாதிரி இரையுமே. உங்களுக்குக் கேக்கறது எத்தனை கொசு?"

"ஒண்ணு."

"ஓணான்பாறையில தேடினீங்களா?"

"தேடினேன். வருஷா வருஷம் போவேன். மரத்தைக் குடைஞ்சு, புத்தை இடிச்சு..."

"எத்தனை கெடைச்சுது?"

"எட்டு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது.

பாவாயி குழந்தையை இன்னொரு இடுப்புக்கு மாற்றினாள்.

"வலது குழல்ல ஆறாம் நம்பர்தான் அடைச்சேன்," என்றார் தீர்த்தகிரி. "சத்தியமா அடைச்சேன். இடது குழல் சும்மாத்தானே இருக்குன்னு... பன்னி வந்தா விடக் கூடாதேன்னு ஒரு எஸ்.ஜி. போட்டு வெச்சேன்."

"இடது குழல் வாய் ஒடுக்கமா?"

"ஒடுக்கம்."

அவர் மடியில் விழுந்த புளியங்கொட்டை காலடியில் கிடந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"வந்தது பன்னி. இடது குழலோட பின்விசையை இழுத்துட்டேன்," என்றார். "எட்டு குண்டு மரத்துலயும் புத்துலயும் கெடைச்சுது. ஒம்பதாவது மண்ணுல கெடைச்சிட்டாப் போதும் தாயி. சென்னனைக் கொன்னது நான் இல்லைன்னு ஆயிடும். காவேரி மொகத்தைப் பார்த்துச் சோறு திம்பேன்."

"கெடைக்கலேன்னா?"

அவர் புளியங்கொட்டையைக் கால் விரலால் தள்ளினார்.

மேல்காட்டில் இன்னொரு வழக்கமும் உண்டு. பெரிய குண்டு சுட்டவர் அத்தனை குண்டையும் தேடி எடுக்காமல் வீட்டுக்குத் திரும்பக் கூடாது. மிருகத்தின் உடம்பில் எத்தனை, மரத்தில் எத்தனை, மண்ணில் எத்தனை என்று எண்ணி முடித்த பிறகுதான் அடுப்பு மூட்டுவார்கள். சென்னன் விழுந்த அன்றைக்கு மட்டும் யாரும் எண்ணவில்லை. பொடி ரவையைத் தேடி மாளாது. அதற்குப் பதிலாகச் சுட்ட இடத்து மண்ணில் ஒரு பிடி எடுத்து வந்து வாசலில் கொட்டிவிடுவார்கள்.

ஏனென்றால், கிடைக்காத குண்டு இன்னும் விழவில்லை. அது பறந்துகொண்டேதான் இருக்கிறது.

பாவாயி உள்ளே போய்ச் சல்லடையை எடுத்து வந்தாள். குழந்தையைப் பழைய சேலையால் முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

"எங்க தாயி?"

"ஓணான்பாறைக்கு. உச்சிக்குள்ள போயிடலாம். துப்பாக்கி இங்கயே இருக்கட்டும்."

"நான் பதினோரு வருஷமாத் தேடிக் கெடைக்காததையா நீ தேடப் போற?"

"நீங்க கத்தியால தேடினீங்க. நான் சல்லடையில தேடறேன். வாங்க."

வழியெல்லாம் பாவாயி பேசிக்கொண்டே வந்தாள். ஈச்சம்பழம் இந்த வருஷம் சரியாகப் பிடிக்கவில்லை என்றாள். குழந்தைக்கு மேல்பல் வருகிறது, கடிக்கிறாள் என்றாள். பாறை கண்ணுக்குத் தெரிந்ததும் அவள் பேச்சும் நின்றுவிட்டது.

ஓணான்பாறையில் ஓணான் ஒன்றுகூட இல்லை. உச்சி வெயில். சில்வண்டு கத்திக்கொண்டிருந்தது. தீர்த்தகிரி குடைந்த கருங்காலி மரம், உடம்பெல்லாம் ஓட்டையோடு நின்றது. பதினோரு வருஷமாகியும் ஓட்டை ஒன்றும் மூடவில்லை. ஓரத்தில் பட்டை வளரவும் இல்லை.

"சென்னன் எங்க விழுந்தான்?"

அவர் கை காட்டினார். அந்த இடத்துக்கு மட்டும் அவர் போகவில்லை.

"இங்க தேடினீங்களா?"

"அங்க எப்படி..."

பாவாயி அங்கே போய் உட்கார்ந்தாள். மண்ணை அள்ளிச் சல்லடையில் போட்டுச் சலிக்க ஆரம்பித்தாள். சர், சர் என்று சத்தம். செம்மண் கீழே கொட்டியது. கூழாங்கல் மேலே தங்கியது.

திடீரென்று சில்வண்டு நின்றது. எல்லாம் ஒரே நேரத்தில், யாரோ வாயைப் பொத்திய மாதிரி.

தீர்த்தகிரி காதைப் பொத்திக்கொண்டார்.

"வந்துட்டுது."

பாவாயிக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் முதுகில் இருந்த குழந்தை தலையைத் திருப்பியது. எதையோ கண்ணால் பிடித்துக்கொண்டது. அது போகிற பக்கமெல்லாம் குழந்தையின் தலையும் போயிற்று. மரத்திலிருந்து பாறைக்கு. பாறையிலிருந்து தீர்த்தகிரிக்கு. அவரைச் சுற்றி ஒரு வட்டம். இன்னொரு வட்டம்.

குழந்தை சிரித்தது.

"சீக்கிரம் சலி தாயி!"

சல்லடையில் டங்கென்று ஒன்று விழுந்தது.

பாவாயி அதை எடுத்து ஊதினாள். உருட்டிப் பார்த்தாள்.

"எஸ்.ஜி.," என்றாள்.

தீர்த்தகிரி ஓடி வந்தார். எந்த இடத்தை மிதிக்கக் கூடாது என்று பதினோரு வருஷம் ஒதுங்கிப் போனாரோ, அதை மிதித்துக்கொண்டே ஓடி வந்தார். குண்டைப் பிடுங்கினார். வெயிலில் தூக்கிப் பார்த்தார். புதுசாக மின்னியது. ஒரு கீறல் இல்லை, களிம்பு இல்லை.

அது சூடாக இருந்தது.

"ஒம்பது!" என்றார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. "ஒம்பது தாயி! நான் இல்லை. இருசப்பன்தான். நான் இல்லவே இல்லை."

"சந்தோஷம் மாமா," என்றாள் பாவாயி. சலித்துக்கொண்டே இருந்தாள்.

டங்.

"இது பத்தாவது," என்றாள்.

அவர் திரும்பிப் பார்த்தார்.

டங். டங்.

"பதினொண்ணு. பன்னெண்டு. எல்லாம் எஸ்.ஜி. எல்லாம் சூடு. கொழந்தை கைக்கு எட்டாம வெக்கணும்."

"நிறுத்து."

அவள் நிறுத்தவில்லை. ஒரு கை மண் அள்ளினால் இரண்டு குண்டு. இன்னொரு கை அள்ளினால் மூன்று. மழை பெய்து ஓய்ந்த பிறகு ஓட்டிலிருந்து சொட்டுகிற மாதிரி விழுந்துகொண்டே இருந்தன. இருபத்தேழு வரைக்கும் எண்ணினாள். அப்புறம் எண்ணவில்லை.

"இவ்வளவு யார் சுட்டது?" தீர்த்தகிரி கேட்டார்.

"உங்களுக்குத்தானே தெரியும். எது உங்களோடது?"

அவர் சல்லடையைப் பார்த்தார். எல்லாம் ஒரே அளவு. எல்லாம் ஒரே மின்னல்.

"தெரியலை."

"ஒண்ணும் பரவாயில்லை. எதை வேணா எடுத்துக்கங்க. வேணும்னு கேட்டீங்க, காடு குடுக்குது. வீட்டுக்குக் கொண்டு போய்க் காவேரியக்காகிட்டக் காட்டுங்க. யார் கேக்கப் போறாங்க?"

தீர்த்தகிரி கையிலிருந்ததையும் சல்லடையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு முதலில் கிடைத்த குண்டைத் துண்டு முனையில் வைத்து முடிந்துகொண்டார். ஒரு முடிச்சு. அதன் மேல் இன்னொரு முடிச்சு.

கும்பிட்டார். இறங்கி நடந்தார்.

பத்து அடி. இருபது அடி.

பாவாயி போகிறவரைப் பார்க்கவில்லை. தோளுக்கு மேல் குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தையின் கண் அவர் தலையைச் சுற்றிச் சுற்றி வந்தது. வட்டம் சின்னதாகிக்கொண்டே போயிற்று.

முப்பதாவது அடியில் அவர் நின்றார்.

வெயில் தலைக்கு மேல் அசையாமல் நின்றது. காட்டில் ஒரு இலை ஆடவில்லை. அவர் எதையோ கேட்டுக்கொண்டு நின்றார். கொசுவை ஓட்டுகிறவர் மாதிரி ஒரு தடவை கையை வீசினார்.

பிறகு திரும்பி வந்தார். முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் அவிழ்த்தார். குண்டைச் சல்லடையில் போட்டார்.

"இது இல்லை," என்றார்.

பாவாயி சல்லடையைக் கீழே வைத்துவிட்டுக் கையைச் சேலையில் துடைத்தாள்.

"பதினோரு வருஷமா மரத்தைக் குடைஞ்சீங்க. புத்தை இடிச்சீங்க. இன்னைக்கு மண்ணையும் சலிச்சாச்சு. ஒரே ஒரு எடத்தை மட்டும் தேடலை."

"எந்த எடம்?"

"சென்னன் முதுகு."

தீர்த்தகிரி உட்கார்ந்துவிட்டார்.

"அவனைக் குளிப்பாட்டும்போது தண்ணி ஊத்தினது நான்," என்றாள் பாவாயி. "இந்த ஊருக்கு மருமகளா வந்து மூணு மாசம். குண்டை எடுக்க யாரும் முன்னால வரலை. நான் எடுத்தேன். ஊர்ல பெரிசா பொடிசான்னு கேட்டாங்க. பெரிசுன்னேன். அதுக்கு மேல யாரும் கேக்கலை. இன்னொருத்தர்கிட்டயும் பெரிசு இருந்துதுன்னு யாருக்குத் தெரியும்? கேட்டிருந்தாலும் அன்னைக்கு எனக்கு எல்.ஜி., எஸ்.ஜி. எல்லாம் ஒண்ணுதான். அதுக்கப்புறம்தான் ஈயத்தைத் தடவித் தடவிக் கத்துக்கிட்டேன்."

"நீ எடுத்தது எனக்குத் தெரியும்."

"தெரியுமா?"

"நான் அப்போ திரும்பி நின்னுக்கிட்டிருந்தேன். செம்புல அது விழுந்த சத்தம் கேட்டுது."

"வந்து பார்த்திருக்கலாமே மாமா. எட்டு அடி தள்ளித்தானே செம்பை வெச்சிருந்தோம்?"

"பார்த்திருக்கலாம்."

"ஏன் பார்க்கலை?"

அவர் மண்ணைக் கிளறினார்.

பாவாயி அவருக்கு எதிரே வந்து மண்டி போட்டு உட்கார்ந்தாள். முந்தானை முனையைத் தேடி எடுத்தாள். அவர் அந்த முனையைப் பார்த்தார், பிறகு வேறு பக்கம் பார்த்தார்.

"உங்க கையில வெச்சா, கண்ணை மூடிக்கிட்டே எதுன்னு சொல்லுவீங்களா?"

"முப்பது வருஷக் கை."

"அப்போ மூடுங்க."

"தாயி..."

"எல்.ஜி.யா இருந்தா எழுந்து போய்க் காவேரியக்கா கையால நிம்மதியாச் சாப்பிடுங்க. மூடுங்க மாமா."

அவர் கண்ணை மூடினார். கையை நீட்டினார். கை தானாக மூடிக்கொள்ளப் பார்த்தது. இன்னொரு கையால் விரல்களைப் பிரித்து விரித்து வைத்துக்கொண்டார்.

உள்ளங்கை நடுவில் பாவாயியின் விரல் பட்டது. விரலை எடுத்துக்கொண்டாள்.

முதலில் கனம் தெரிந்தது. எல்.ஜி.யின் கனம் இல்லை. அதைவிடக் கொஞ்சம் குறைவு. ரேகையில் இறங்கி மெல்ல உருண்டு நின்றது. மற்றவை மாதிரிச் சூடாக இல்லை. ஓடைக் கல் மாதிரிச் சில்லென்று இருந்தது. ஒரு பக்கம் லேசாக நசுங்கியிருந்தது. வாய் ஒடுங்கின குழலில் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு வந்த குண்டுக்கு மட்டும் விழுகிற நசுங்கல்.

பெருவிரலால் அதைத் தடவினார். வெகு நேரம் தடவினார்.

"எஸ்.ஜி.," என்றார்.

"நல்லாப் பார்த்துச் சொல்லுங்க. அவசரம் இல்லை."

"எஸ்.ஜி.தான் தாயி. என் இடது குழலோடது. எனக்கு அன்னைக்கே தெரியும்."

கண்ணைத் திறந்தார்.

உள்ளங்கையில் ஒன்றும் இல்லை.

விரல்களுக்கு நடுவில் பார்த்தார். மடியில் பார்த்தார். பாவாயி முந்தானை முனையால் குழந்தையின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த முனையில் முடிச்சே இல்லை.

தீர்த்தகிரி எழுந்து துண்டை உதறினார்.

"இருசப்பன் இப்போ எந்த ஊர்ல இருக்கான்?"